ஒரு டம்ளர் அரிசி, ஒரே ஒரு கல்

ரேஷன் அரிசி வந்த அன்று அத்தைக்கு வேறு வேலை ஓடாது. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து முறத்தில் இரண்டு கை அரிசி போட்டுப் புடைப்பார். தவிடும் பதரும் பறந்த பிறகு முறத்தைச் சரித்து, விரல் நுனியால் வரிசை வரிசையாகத் தள்ளிக் கல் பொறுக்குவார். முடிந்ததும் உள்ளேயிருந்து அம்மா கேட்பார்: "கல் இருக்கா அண்ணி?" "இல்லை" என்ற பதிலை அத்தை வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. "கண்ணுல படல" என்பார்.

மாமாவுக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்து, வலது பக்க மேல்மடலை எடுத்தார்கள். அறுவை முடிந்து வெளியே வந்த மருத்துவர், "முழுசா எடுத்தாச்சும்மா" என்றார். அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். வீடு வந்து பத்து நாள் கழித்து என்னிடம் கேட்டார்: "முழுசா எடுத்தாச்சுன்னா, ஆறு மாசத்துக்கு ஒருதரம் எதுக்குடா ஸ்கேன்? இப்ப ஏதோ ரத்தத்துலயே பார்த்துச் சொல்றாங்களாமே, அது என்ன?" அன்று அவருக்குப் பாதி பதில்தான் சொன்னேன். மீதிப் பாதிக்காகப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை அத்தைக்குப் புரிகிற மொழியில், அதாவது சமையலறை மொழியில், இங்கே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை பால் பாத்திரத்தில் இருக்கிறது. மோர் வைத்திருந்த பாத்திரத்தைத் தேய்க்கிறோம், கழுவுகிறோம், வெயிலில் கவிழ்க்கிறோம். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கிறது. மறுநாள் அதில் பால் காய்ச்சினால் திரிந்துவிடுகிறது. விளிம்பு மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்த துளி மோர் போதும். நுரையீரல் அறுவையிலும் இதுதான் நடக்கிறது. கட்டியோடு மடலையே எடுக்கிறார்கள், பக்கத்து நிணநீர்க் கணுக்களை எடுக்கிறார்கள், வெட்டிய ஓரத்தை நுண்ணோக்கியில் வைத்துச் சுத்தமா என்று பார்க்கிறார்கள். அப்படியும், அறுவை செய்துகொண்டவர்களில் 30 முதல் 55 சதவீதம் பேருக்கு நோய் திரும்புகிறது. கட்டியை எடுப்பதற்கு முன்பே சில செல்கள் கழன்று எலும்பிலோ கல்லீரலிலோ மூளையிலோ போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை சில மில்லிமீட்டர் அளவுக்கு வளரும் வரை சி.டி. ஸ்கேனுக்குத் தெரியாது. ஸ்கேனில் தெரிவது பால் திரிந்த பிறகு தெரிவது போல. பால் ஊற்றுவதற்கு முன்பே பாத்திரத்தில் மோர் இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? ரத்தப் பரிசோதனையின் வேலை அதுதான்.

செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டு துண்டாகி ரத்தத்தில் கலக்கிறது. ரத்த நீரில் செல்லுக்கு வெளியே இப்படி டி.என்.ஏ. மிதக்கிறது என்பதை 1948இலேயே பிரான்சில் மான்டல், மெத்தே என்ற இருவர் எழுதிவிட்டார்கள். நல்ல செல்லும் சாகிறது, புற்றுச் செல்லும் சாகிறது. இரண்டின் துண்டுகளும் ஒன்றாகவே ஓடுகின்றன. ஒரு துண்டின் நீளம் ஏறக்குறைய 166 எழுத்துகள். இந்தத் துண்டுகள் ரத்தத்தில் அதிக நேரம் நிற்பதில்லை என்பதுதான் இதில் பெரிய வசதி. இரண்டு மணி நேரத்துக்குள் பாதி கரைந்துபோகும்.

கருவாடு வறுத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியை இறக்கி, ஜன்னலைத் திறந்துவிட்டால் வாசனை போய்விடும். அடுத்த வாரமும் அதே வாசனை புதிதாக வருகிறதென்றால், வீட்டில் எங்கோ இன்னும் கருவாடு இருக்கிறது. கட்டியை எடுத்துச் சில வாரம் கழிந்தும் கட்டியின் டி.என்.ஏ. ரத்தத்தில் இருந்தால், அது பழைய கட்டியின் மிச்ச வாசனை ஆகாது. அதை இன்று கொட்டிக்கொண்டிருக்கும் செல்கள் உடம்பில் உயிரோடு இருக்கின்றன.

பழைய பரிசோதனைகளும் உண்டு. சி.இ.ஏ. என்ற புரதத்தை 1965இல் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மேனும் கண்டுபிடித்தார்கள். சைஃப்ரா 21-1 என்று இன்னொன்று, செல்லின் உள்சட்டத்திலிருந்து உதிரும் புரதத் துண்டு. இவற்றின் அளவு ஏறினால் சந்தேகப்படலாம். ஆனால் சி.இ.ஏ. புகைபிடிக்கிறவர்களுக்கு நோயில்லாமலே ஏறியிருக்கும். பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனை நம் வீட்டுக்குள் வருவது போல. நுரையீரல் நோயாளிகளில் எத்தனையோ பேர் புகைத்தவர்கள் என்னும்போது இந்தக் குழப்பம் சின்னதில்லை. டி.என்.ஏ. துண்டு அப்படிக் குழப்பாது. அதில் கட்டியின் கையெழுத்தே இருக்கிறது.

அதைத் தேடுவதுதான் கஷ்டம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில் ஒரே நெருப்பில் வெந்ததால்தான் அது சரி. நாம் தேடுவதோ பானைக்குள் கிடக்கும் ஒரே ஒரு கல்லை. அதற்கு ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்து என்ன தெரியும்?

எண்ணிக்கையாகவே பார்ப்போம். 10 மில்லி ரத்தம் எடுத்தால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தெளிந்த நீர் கிடைக்கும். அதிலிருந்து வரும் டி.என்.ஏ.வில், மரபுத் தொகுப்பின் எந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் பிரதிகள் சில ஆயிரம்தான் இருக்கும். 8,000 என்று வைத்துக்கொள்வோம். சின்ன டம்ளர் நிறையப் பொன்னி அரிசி எடுத்தால் அதிலும் ஏறக்குறைய அவ்வளவு மணிதான்.

இந்தத் துறையின் பெரிய ஆய்வு லண்டனில் சார்லஸ் ஸ்வான்டன் குழுவினர் 2014இல் தொடங்கிய ட்ரேசர்எக்ஸ். அவர்கள் 2017இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். 10 கன சென்டிமீட்டர் கட்டி, அதாவது நல்ல நெல்லிக்காய் அளவு, ரத்தத்தில் ஆயிரத்துக்கு ஒரு துண்டைத்தான் விடுகிறது. டம்ளருக்கு எட்டுக் கல், பொறுக்கிவிடலாம். அதே கணக்கில் சுண்டைக்காய் அளவுக் கட்டி பத்தாயிரத்துக்கு ஒன்று. டம்ளருக்கு ஒரு கல் கிடைத்தால் அதிர்ஷ்டம். மிளகளவு என்றால்? பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய இரண்டு. அறுபது டம்ளர் பார்த்தால் ஒரு கல் வரலாம். ஆனால் நம்மிடம் இருப்பது ஒரு டம்ளர். நோயாளியின் கையிலிருந்து அறுபது மடங்கு ரத்தத்தை உறிஞ்ச முடியாது.

இங்கேதான் இந்தப் பரிசோதனையின் முழுப் புத்திசாலித்தனமும் இருக்கிறது. ஒரு கட்டியின் டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்துப்பிழை இருப்பதில்லை, நூற்றுக்கணக்கில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அறுத்தெடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்து, இந்த நோயாளியின் கட்டியில் எங்கெங்கே பிழை என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். இது மளிகைக் கடைக்குப் போவது போல. அரிசி மூட்டையில் மட்டுமல்லாமல் துவரை, உளுந்து, பயறு, கொள்ளு என்று ஒவ்வொரு மூட்டையிலும் அதே குறும்புக்காரன் கல்லைத் தூவியிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு டம்ளர் மட்டும் அள்ளினால் போதும். பதினெட்டு மூட்டையென்றால் பதினெட்டு டம்ளர். எடுத்த ரத்தம் அதே 10 மில்லிதான். அதில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக 8,000 பிரதிகள் இருக்கின்றன அல்லவா? இடங்களைக் கூட்டினால் டம்ளர்கள் கூடுகின்றன.

லண்டன் குழு 2017இல் ஒவ்வொரு நோயாளிக்கும் பதினெட்டு இடம் வாக்கில் பின்தொடர்ந்தது. 2023இல் அது 200 இடங்கள் ஆயிற்று. 2025இல் வெளியான புதிய முறையில் 1,800. மிளகளவுக் கட்டிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பதினெட்டு டம்ளரில் ஒரு கல்கூடக் கிடைக்காது. 200 டம்ளரில் மூன்று. 1,800 டம்ளரில் முப்பதுக்குப் பக்கம். நடுவில் சிந்துவதும் இறைவதும் உண்டு, அதனால் கணக்கு இவ்வளவு கச்சிதமாக வராது. ஆனாலும் போகிற திசை இதுதான்.

கண்ட பிழையையெல்லாம் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. கட்டி வளர வளரக் கிளை பிரிகிறது. மகள் வீட்டுக் குழம்பும் மருமகள் வீட்டுக் குழம்பும் பிறகு வேறு வேறு ஆனாலும், பாட்டியிடம் கற்ற அடிப்பக்குவம் இரண்டிலும் இருக்கும் அல்லவா? அதுபோலக் கட்டி கிளைவிடும் முன்பே வந்த அடிமரத்துப் பிழைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் கிளை திரும்பி முளைத்தாலும் அவை இருக்கும்.

ரத்தம் எடுத்த குழாயை ஆய்வகத்தில் கையாளுவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. ரசம் வைத்து இறக்கியபின் தெளிவை மட்டும் எடுக்க என்ன செய்வோம்? கலக்காமல் வைத்து, அடியில் மண்டி இறங்கியதும், கரண்டியை மேலாக விட்டு மொள்வோம். குழாயைச் சுழலியில் வைத்துச் சுற்றும்போது சிவப்பணு அடியில் இறங்குகிறது, தெளிந்த பிளாஸ்மா மேலே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஏடு போல வெள்ளணுப் படலம். கரண்டி அந்த ஏட்டில் பட்டால் போயிற்று. வெள்ளணுக்களின் டி.என்.ஏ. கலந்து, ஒரு டம்ளர் அரிசியாக இருந்தது ஒரு மூட்டை ஆகிவிடும். கல் அதே ஒன்றுதான். அதனால் மேலாக எடுத்ததை இன்னொரு முறையும் சுற்றுகிறார்கள். இன்னொரு ஆபத்து, அரைத்த மாவைப் போல ரத்தமும் வெளியே வைத்தால் அப்படியே இருக்காது. சாதாரணக் குழாயில் சில மணி நேரம் தாண்டினால் வெள்ளணுக்கள் தாமாக உடைய ஆரம்பிக்கும். அவற்றை உடையாமல் நாள்கணக்கில் பிடித்துவைக்கத் தனி மருந்து போட்ட குழாய்கள் இருக்கின்றன. ரத்தம் எடுக்கிற தம்பி எந்தக் குழாயை நீட்டுகிறார் என்பது, பல லட்ச ரூபாய் இயந்திரம் சொல்லும் முடிவைத் தீர்மானித்துவிடும். அறுவை முடிந்த கையோடு ரத்தம் எடுக்காததற்கும் காரணம் இதுவே. ஆறிக்கொண்டிருக்கும் காயத்திலிருந்து நல்ல டி.என்.ஏ. கொட்டிக்கொண்டிருக்கும்.

கல் என்று எடுத்ததெல்லாம் கல்லும் அல்ல. படிக்கும் இயந்திரமே ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தப்பாகப் படிக்கும். பத்து லட்சத்துக்கு இரண்டைத் தேடுகிறவருக்கு ஆயிரத்துக்கு ஒரு தப்பு என்பது தாங்காது. இதற்குத் துவரையைப் பாருங்கள். முழுத் துவரையை உடைத்தால் இரண்டு பருப்பு. புழு உண்மையில் துளைத்திருந்தால் இரண்டு பாதியிலும் பொருந்துகிற இடத்தில் துளை இருக்கும். ஒன்றில் மட்டும் கறை என்றால் அது வெளியே ஒட்டிய தூசு. டி.என்.ஏ.வும் இரட்டை இழை. ஒவ்வொரு துண்டிலும் ஓர் அடையாளச் சீட்டை ஒட்டி, இரண்டு இழைகளையும் படித்து, இரண்டிலும் ஒரே இடத்தில் பிழை இருந்தால்தான் கணக்கில் சேர்க்கிறார்கள். அதற்கு மேலும், லண்டன் குழு 2017இல் குறைந்தது இரண்டு இடங்களில் பிழை அகப்பட்டால்தான் "இருக்கிறது" என்று எழுதியது.

கடைசியாக அம்மிக் கல். புதிதாகக் கொத்திய அம்மியில் துவையல் அரைத்தால் பல்லில் நறநறக்கும். அந்தக் கல் பருப்பிலிருந்து வந்ததில்லை, அம்மியே உதிர்த்தது. வயதாக ஆக நம் வெள்ளணுக்களிலும் எழுத்துப்பிழைகள் சேருகின்றன. அவை புற்றுநோய் இல்லை. ஆனால் ரத்தத்தில் மிதப்பதில் பெரும்பங்கு வெள்ளணுக்களின் டி.என்.ஏ. என்பதால், அந்தப் பிழைகள் கட்டியின் பிழை போலவே வந்து நிற்கும். எனவே அதே நோயாளியின் வெள்ளணுக்களையும் தனியே படித்து, அங்கே இருப்பதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். கட்டியைப் படிக்காமல் பொதுவான பட்டியலோடு ரத்தத்தை மட்டும் பார்க்கும் பரிசோதனைகளில் இந்த அம்மிக் கல் தொந்தரவு அதிகம்.

இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது? 2017 லண்டன் ஆய்வில் அறுவைக்குப் பின் 24 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 14 பேருக்கு நோய் திரும்பியது. அவர்களில் 13 பேரின் ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ., நோய் திரும்பியதை மருத்துவர்கள் கண்டறிந்தபோதோ அதற்கு முன்போ அகப்பட்டுவிட்டது. திரும்பாத 10 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் "இருக்கிறது" என்று வந்தது. ஸ்கேனை விட இடைநிலை அளவாக 70 நாள் முன்னதாக ரத்தம் சொன்னது. சிலருக்கு 10 நாள்தான், ஒருவருக்கு 346 நாள். அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 40 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் சிகிச்சைக்குப் பிந்தைய ரத்தம் ஸ்கேனை முந்தியது. 72 சதவீதம் பேருக்கு இடைநிலை அளவாக 5.2 மாதம் முன்னதாக.

இந்த எண்களைப் பார்த்து நானும் துள்ளினேன். பிறகு மற்ற எண்களையும் பார்த்தேன். அறுவைக்கு முன்பே, கட்டி உள்ளே முழுதாக இருக்கும்போதே, 2017 முறையில் எல்லாருக்கும் அது தெரியவில்லை. ஸ்குவாமஸ் வகைக் கட்டி 31 பேரில் 30 பேருக்குத் தெரிந்தது. அடினோகார்சினோமா வகை 58 பேரில் 11 பேருக்குத்தான் தெரிந்தது. கட்டி இருந்தும் வாசனை வெளியே வராத வகை அது. 1,800 இடம் பார்க்கும் முறை வந்த பிறகு அடினோகார்சினோமாவிலும் 81 சதவீதம் பேருக்கு அறுவைக்கு முன் தெரிந்தது. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் ஐந்தில் ஒருவருக்குத் தெரியவில்லை. 2023 ஆய்வில், அறுவை முடிந்து 120 நாளுக்குள் எடுத்த ரத்தத்தில் கால்வாசிப் பேருக்கு "இருக்கிறது" என்று வந்தது. பின்னால் நோய் திரும்பியவர்களில் 49 சதவீதம் பேர் அதற்குள் அடங்கினார்கள். மீதிப் பாதிப் பேர்? அவர்களுக்கும் நோய் திரும்பியது. அந்த முதல் நான்கு மாத ரத்தம் அதைச் சொல்லவில்லை. மூளையில் திரும்பும் நோயை ரத்தத்தில் பிடிப்பது இன்னும் கடினம். மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையே இயற்கையே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. பூட்டிய ஸ்டோர் ரூமில் கருவாடு இருந்தால் கூடத்துக்கு வாசனை வராது.

ஆகவே இந்தப் பரிசோதனையின் இரண்டு பதில்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. "இருக்கிறது" என்பது கனமான பதில். "காணப்படவில்லை" என்பது, இந்த டம்ளரில் கண்ணில் படவில்லை என்பது மட்டுமே.

சரி, இருக்கிறது என்றே தெரிந்துவிட்டது, அடுத்து என்ன? இதுதான் இன்னும் முடியாத கதை. அறுவைக்குப் பின் சிஸ்பிளாட்டின் கலந்த கீமோ கொடுப்பதால் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் எண்ணிக்கை நூற்றுக்கு ஐந்து கூடுகிறது என்று 4,584 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2008ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. அந்த ஐந்து பேருக்காக நூறு பேரும் வாந்தியையும் சோர்வையும் காது இரைச்சலையும் தாங்குகிறார்கள். யாருக்கு மிச்சம் இருக்கிறது என்று ரத்தம் சொன்னால், தேவையானவருக்கு மட்டும் கொடுக்கலாமே என்பது எவ்வளவு நியாயமான ஆசை! பெருங்குடல் புற்றுநோயில் அது ஓரளவு கைகூடியிருக்கிறது. 2022இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், இரண்டாம் நிலை நோயாளிகளுக்கு ரத்தத்தைப் பார்த்துக் கீமோ முடிவு செய்தபோது, கீமோ பெற்றவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தார்கள்; இரண்டு ஆண்டில் நோய் திரும்பாதவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. நுரையீரலில் அப்படி ஓர் ஆய்வு இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. ரத்தம் சொன்னதும் மருந்தை ஆரம்பித்தால் ஆயுள் கூடுமா என்பதற்கு விடை வரும் வரை, இது வரப்போவதைச் சொல்லும் கருவி. வராமல் தடுக்கும் கருவி என்று விற்கிறவரை நம்பாதீர்கள்.

என் தீர்ப்பு இது. கட்டியையே படித்துப் பட்டியல் போட்ட பரிசோதனை, சரியான குழாய், குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுத்த ரத்தம், இவை மூன்றும் சேர்ந்தால் இதை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒரே ஒரு முறை எடுத்து, காகிதத்தைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போவதில் இல்லை. எடுக்கும் முன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இருக்கிறது என்று வந்தால் நாம் என்ன மாற்றிச் செய்யப்போகிறோம்?" அதற்கு அவரிடம் பதில் இருந்தால் எடுங்கள்.

அத்தையிடம் இதையெல்லாம் ஒரு மாலையில் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்ப கல் பொறுக்கினாலும் அரிசியைக் களைஞ்சு அரிச்சுத்தான் உலையில போடணும்கிற" என்றார். எழுந்து போய்க் காலண்டரில் ஸ்கேன் தேதியைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டார்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்த அறுவை நடந்திருந்தால், ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் "காணப்படவில்லை" என்று வந்த நாளில் பாயசம் வையுங்கள், சந்தோஷப்படுங்கள். ஆனால் ஸ்கேன் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். புதிதாக விடாத இருமலோ, எலும்பு வலியோ, காலையில் எழும்போதே தலைவலியோ வந்தால் அந்தக் காகிதத்தைக் காட்டிச் சமாதானம் சொல்லாமல், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.